50 ரூபாய்க்குச் சம்மதித்த பேராசிரியர்... பாலி மொழியை இந்தியாவுக்குத் திரும்பக் கொண்டுவந்த தர்மானந்த கோசாம்பி யார்?

2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை 5 மொழிகளுக்குச் செம்மொழி அந்தஸ்து கொடுத்தது. மராத்தி, வங்காளம், அசாமி, பிராகிருதம்... கூடவே பாலி. மற்ற மொழிகளைப் பற்றி உடனே பேச ஆள் இருந்தது. பாலி என்றதும் பலருக்கும் வந்த முதல் கேள்வி, ‘அது எந்த ஊர்ல பேசுறாங்க?’ என்பதுதான்.

எந்த ஊரிலும் இன்று அது வீட்டுமொழி இல்லை. புத்தரின் போதனைகள் எந்த மொழியில் தொகுக்கப்பட்டனவோ, அந்த மொழிதான் பாலி. புத்தர் பிறந்து வளர்ந்து பேசித் திரிந்த வட இந்தியாவிலேயே, 125 வருடங்களுக்கு முன்னால் இதைச் சொல்லிக்கொடுக்க ஆசிரியர் கிடைப்பது குதிரைக்கொம்பு. அந்தக் காலத்தில் பாலி படிக்கவேண்டும் என்பதற்காகவே ஊரை விட்டு, வீட்டை விட்டுக் கிளம்பிய ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெயர் தர்மானந்த கோசாம்பி.

கோசாம்பி என்றதும் வரலாற்று மாணவர்களுக்கு டி.டி.கோசாம்பி நினைவுக்கு வரலாம். அவர் மகன். நாம் பார்க்கப்போவது அப்பாவை.

முதல்ல ஒரு கேள்வி: பாலி ஏன் இந்தியாவில் காணாமல் போனது?

புத்தரின் போதனைகள் பல நூற்றாண்டுகள் வாய்வழியாகவே வந்தன. கி.மு. முதல் நூற்றாண்டு வாக்கில் இலங்கையில்தான் அவை ஓலையில் எழுதப்பட்டன என்பது பௌத்த மரபு. அதுதான் திரிபிடகம், அதாவது மூன்று கூடைகள். துறவிகளுக்கான விதிகள் ஒரு கூடை, புத்தரின் உரைகள் இன்னொரு கூடை, தத்துவ ஆய்வு மூன்றாவது கூடை.

பிறகு இந்தியாவில் விகாரைகள் ஒவ்வொன்றாக அழிந்தன. படிக்கும் துறவிகள் இல்லாவிட்டால் சுவடியைப் பிரதி எடுக்க யார் இருப்பார்கள்? ஓலைச்சுவடியைப் பொறுத்தவரை, தொடர்ந்து பிரதி எடுத்தால்தான் நூல் பிழைக்கும். இது தமிழ் படித்தவர்களுக்கு நன்றாகவே தெரியும். அப்படிப் பாலி நூல்கள் இலங்கை, பர்மா, சயாம் போன்ற நாடுகளில்தான் உயிரோடு இருந்தன.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பாலிக்கென்று தனி எழுத்து கிடையாது. இலங்கையில் சிங்கள எழுத்தில் எழுதினார்கள், பர்மாவில் பர்மிய எழுத்தில், சயாமில் அவர்கள் எழுத்தில். 1881இல் லண்டனில் பாலி நூல் சங்கம் தொடங்கியபோது அவர்கள் ரோமன் எழுத்தில் அச்சிட்டார்கள். ஆக, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் புத்தரின் மூல உரைகளைப் படிக்க ஓர் இந்தியர் நினைத்தால், ஒன்று கடல் கடந்து போகவேண்டும், இல்லை வெள்ளைக்காரர் அச்சிட்ட புத்தகத்துக்குக் காத்திருக்கவேண்டும்.

தென்னந்தோப்பிலிருந்து ஒரு மாணவன்

கோசாம்பி பிறந்தது 1876 அக்டோபர் 9. ஊர், அன்று போர்த்துகீசியர் ஆட்சியில் இருந்த கோவாவின் சாங்க்வால் கிராமம். பெரிய படிப்புக்கு அங்கே வழியில்லை. தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்வதும், கையில் கிடைக்கும் மராத்திப் புத்தகங்களைப் படிப்பதும்தான் இளமைக்காலம். இளம் வயதிலேயே திருமணம். மனைவி பெயர் பாலாபாய்.

ஒரு நாள் ‘பாலபோத்’ என்ற மராத்திச் சிறுவர் பத்திரிகையில் புத்தரின் வாழ்க்கையைப் பற்றி ஒரு கட்டுரை படிக்கிறார். அதிலிருந்து அந்த மனிதரை விடவே முடியவில்லை. இன்னும் படிக்கவேண்டும், மூல மொழியில் படிக்கவேண்டும் என்ற எண்ணம் பிடித்துக்கொண்டது.

1899இன் கடைசியில் வீட்டை விட்டுக் கிளம்பினார். அப்போது அவருக்கு 23 வயது. வீட்டில் மனைவியும் கைக்குழந்தையான மகளும் இருந்தார்கள். இதைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது. புத்தர் கதையிலும் மனைவியும் குழந்தையும் உண்டு. ‘அவர் போனது பெரிய விஷயம்’ என்று சொல்லும்போது, பின்னால் இருந்தவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்ற கேள்வியும் கூடவே வரும். கோசாம்பியின் படிப்புக்கான விலையில் ஒரு பெரிய பங்கைக் கொடுத்தவர் பாலாபாய்.

புனே, காசி, நேபாளம், கொழும்பு, சென்னை, பர்மா...

கையில் காசு இல்லை. ஆங்கிலப் படிப்பும் இல்லை. முதலில் புனே. அங்கே புகழ்பெற்ற சமஸ்கிருத அறிஞர் ஆர்.ஜி.பண்டார்கரைச் சந்தித்தார். பாலிக்குள் போகச் சமஸ்கிருதம் உதவும் என்பதால் அடுத்து காசி. அங்கே ஏழை மாணவர்களுக்குச் சாப்பாடு போடும் அன்னசத்திரத்தில் சாப்பிட்டுக்கொண்டு சமஸ்கிருதம் படித்தார்.

புத்த மதம் இன்னும் இருக்கிறது என்று கேள்விப்பட்டு நேபாளம் போனார். தேடிப்போனது அங்கே கிடைக்கவில்லை. பிறகு புத்தகயா. இலங்கைக்குப் போனால்தான் பாலி கற்க முடியும் என்பது அங்கே தெரியவந்தது.

1902இல் கொழும்பு. அங்கே 1873இல் தொடங்கப்பட்ட வித்யோதய பிரிவேனா என்ற பௌத்தக் கல்லூரி இருந்தது. அதன் தலைவர் ஹிக்கடுவ ஸ்ரீ சுமங்கல தேரர், அந்தக் காலத்தின் மிகப் பெரிய பாலி அறிஞர்களில் ஒருவர். அவரிடம் கோசாம்பி சாமணேரராக, அதாவது இளம் துறவியாகச் சேர்ந்து பாலி கற்றார்.

இலங்கையிலிருந்து அவர் வந்த இடம் நம்ம சென்னை. அந்த நேரத்தில் சென்னையில் பௌத்தம் பேசிய ஒரு சின்ன வட்டம் இருந்தது. அதன் முக்கிய முகம், பேராசிரியர் பி.லட்சுமி நரசு. 1907இல் பௌத்தத்தைப் பற்றி அவர் எழுதிய ஆங்கில நூலைப் பின்னாளில் அம்பேத்கரே முன்னுரையோடு மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். கோசாம்பி தன் சென்னை நாட்களில் பழகியவர்களில் நரசுவும் ஒருவர்.

அடுத்து பர்மா. அங்கே முழுத் துறவியாக, அதாவது பிக்குவாக ஆனார். பாலி நூல்களைப் பர்மிய எழுத்தில் படித்தார், தியானம் பயின்றார். 1906இல் கல்கத்தா வந்தபோது ஏழு வருடப் பயணம் முடிந்திருந்தது. துவராடையை விட்டுவிட்டு ஆசிரியர் வேலைக்கு வந்தார். குடும்பத்தோடும் மறுபடி சேர்ந்தார்.

50 ரூபாய் கதை என்ன?

கல்கத்தாவில் முதலில் தேசியக் கல்லூரி, பிறகு கல்கத்தா பல்கலைக்கழகம் என்று பாலி சொல்லிக்கொடுத்தார். கௌரவமான வேலை. ஆனால் அவர் மனதில் வேறொன்று இருந்தது. தான் கற்றது தன் ஊர்க்காரர்களுக்கு, மராத்தி பேசும் சாதாரண மக்களுக்குப் போய்ச் சேரவேண்டும்.

அப்போது பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட் ஓர் ஏற்பாட்டுக்கு முன்வந்தார். மகாராஷ்டிரத்தில் எந்த ஊரில் வேண்டுமானாலும் இருக்கலாம், மாதம் 50 ரூபாய் தருகிறோம், வருடத்துக்கு ஒரு புத்தகம் எழுதித் தரவேண்டும். இதுதான் நிபந்தனை. அம்பேத்கரின் வெளிநாட்டுப் படிப்புக்கு உதவித்தொகை கொடுத்தவரும் இதே மன்னர்தான்.

கோசாம்பி கல்கத்தா வேலையை விட்டுவிட்டு இதற்குச் சம்மதித்தார். கேட்டால் பைத்தியக்காரத்தனம் மாதிரி இருக்கும். ஆனால் அதனால் நடந்தது என்ன? மராத்தியில் புத்தரைப் பற்றிய புத்தகங்கள் வரத் தொடங்கின. பண்டார்கரின் ஆதரவோடு பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பாலி பாடமாக நுழைந்தது. 1912 முதல் 1918 வரை புனே ஃபெர்குசன் கல்லூரியில் அவரே பாலி நடத்தினார். பின்னாளில் பெரிய பௌத்த ஆய்வாளரான பி.வி.பாபட் அவருடைய மாணவர்.

ஒரு பாடம் பல்கலைக்கழகத்துக்குள் நுழைவது ஏன் முக்கியம்? பாடத்திட்டத்தில் இருந்தால்தான் ஆசிரியர் பணியிடம் வரும், தேர்வு வரும், அதற்காகப் புத்தகம் அச்சாகும். தனிமனித ஆர்வமாக இருந்த ஒன்று, அடுத்த தலைமுறைக்குக் கைமாறும் படிப்பாக மாறுவது அப்படித்தான்.

ஹார்வர்டுக்கு எப்படிப் போனார்?

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தத்துவப் பேராசிரியர் ஜேம்ஸ் வுட்ஸ் இந்தியா வந்திருந்தபோது, பாலி கற்க கோசாம்பியிடம் வந்தார். அந்தப் பழக்கத்தில்தான் 1910இல் அழைப்பு வந்தது. பள்ளிப்படிப்பே முறையாக இல்லாத ஒருவர், பாலி அறிவு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்.

அங்கே காத்திருந்த வேலை ‘விசுத்திமக்கம்’. தூய்மைக்கான பாதை என்று பொருள். கி.பி. 5ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் என்ற அறிஞர் இலங்கையின் அனுராதபுரத்தில் இருந்து எழுதிய பெருநூல். ஒழுக்கம், மன ஒருமை, ஞானம் என்று மூன்று பகுதி, மொத்தம் 23 அத்தியாயங்கள். தியானம் செய்ய 40 வகைப் பொருள்களை வரிசைப்படுத்திச் சொல்லும் நூல் இது. தேரவாத பௌத்தத்தில் திரிபிடகத்துக்கு அடுத்து அதிகம் மதிக்கப்படுவது இதுதான். இன்னொரு தகவல்... புத்தகோசர் காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததை அவருடைய உரைநூல் ஒன்றின் முடிவுரையே சொல்கிறது.

இந்த நூலுக்குச் செம்பதிப்பு கொண்டுவர ஹென்றி கிளார்க் வாரன் என்ற அமெரிக்கர் வேலையைத் தொடங்கியிருந்தார். 1899இல் அவர் இறந்துவிட, வேலை பாதியில் நின்றது. அதை முடிக்கத்தான் கோசாம்பி தேவைப்பட்டார்.

செம்பதிப்பு என்றால் என்ன?

சிம்பிளாகச் சொன்னால், ஒரே நூலின் பல சுவடிகளை வைத்துக்கொண்டு, ஆசிரியர் உண்மையில் எழுதியது எது என்று சொல் சொல்லாகக் கண்டுபிடிப்பது. உ.வே.சா. நம் சங்க இலக்கியத்துக்குச் செய்த அதே வேலை.

பர்மியச் சுவடியில் ஒரு சொல் ஒரு மாதிரி இருக்கும், சிங்களச் சுவடியில் வேறு மாதிரி இருக்கும். இரண்டும் வேறு வேறு எழுத்து. பிரதி எடுத்தவர் கண் தவறி ஒரு வரியை விட்டிருக்கலாம், புரியாத சொல்லைத் தெரிந்த சொல்லாக மாற்றியிருக்கலாம். இதைச் சரிபார்க்க இரண்டு எழுத்தும் தெரியவேண்டும், பாலி இலக்கணம் தெரியவேண்டும், துறவிகள் அந்த நூலை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதும் தெரியவேண்டும். இலங்கையிலும் பர்மாவிலும் துறவிகளோடு வாழ்ந்து படித்த கோசாம்பிக்கு இந்த மூன்றும் இருந்தது.

அப்புறம் என்ன பிரச்சினை?

பெயர்தான் பிரச்சினை. முடிந்த நூலில் யார் பெயர் எப்படி வரவேண்டும் என்பதில் ஹார்வர்டு பேராசிரியர் சார்லஸ் லான்மனுக்கும் கோசாம்பிக்கும் ஒத்துப்போகவில்லை. வேலை செய்தவனுக்கு உரிய இடம் வேண்டும் என்று கோசாம்பி நின்றார். 1912இல் மனக்கசப்போடு இந்தியா திரும்பினார்.

ஆனாலும் அந்த நூலை அவர் கைவிடவில்லை. 1918, 1926, 1931 என்று இன்னும் மூன்று முறை அமெரிக்கா போனார். மொத்தம் நான்கு பயணம், ஒரே நூல். 1918 பயணத்தில் மகள் மாணிக்கையும் மகன் டி.டி.கோசாம்பியையும் கூட்டிக்கொண்டு போனார். இருவரும் அங்கே படித்தார்கள். மற்ற பிள்ளைகளோடு பாலாபாய் இந்தியாவிலேயே இருந்தார். மறுபடியும் அதே பிரிவு.

நூல் ஹார்வர்டு கீழைத்தேயப் பதிப்பு வரிசையில் 41ஆவது தொகுதியாக வெளியானது. எப்போது தெரியுமா? 1950இல். கோசாம்பி இறந்து மூன்று வருடம் கழித்து. தலைப்புப் பக்கத்தில் பதிப்பாசிரியர் என்று வாரன் பெயரும், திருத்தியவர் என்று கோசாம்பி பெயரும் இருக்கின்றன.

ஒரு நல்ல செய்தி, அவர் அதற்காகக் காத்துக்கொண்டு உட்காரவில்லை. 1940இல் பாரதிய வித்யா பவன் மூலம் விசுத்திமக்கத்தைத் தேவநாகரி எழுத்தில் தானே கொண்டுவந்துவிட்டார். இந்திய வாசகர் ரோமன் எழுத்தை நம்பியிருக்கத் தேவையில்லை என்றானது. 1943இல் அந்த நூலுக்குப் பாலியிலேயே ஒரு விளக்கவுரையும் எழுதினார். ஞாணமோலி பிக்கு 1956இல் வெளியிட்ட பிரபலமான ஆங்கில மொழிபெயர்ப்பு, ஹார்வர்டு பதிப்பின் பத்தி எண்களையே பின்பற்றுகிறது. இன்று உலகில் எங்கே விசுத்திமக்கத்தை மேற்கோள் காட்டினாலும் பெரும்பாலும் அந்த எண்கள்தான்.

புத்தர் ஏன் வீட்டை விட்டுப் போனார்? கோசாம்பி கிளப்பிய விவாதம்

ஸ்கூலில் நாம் எல்லோரும் படித்த கதை இது. இளவரசர் சித்தார்த்தர் தேரில் போகிறார். ஒரு முதியவர், ஒரு நோயாளி, ஒரு பிணம், ஒரு துறவி ஆகியோரைப் பார்க்கிறார். மனம் மாறி, நள்ளிரவில் யாருக்கும் தெரியாமல் வீட்டை விட்டுக் கிளம்புகிறார்.

‘மூல நூலில் அப்படி இல்லையே’ என்றார் கோசாம்பி. அவருடைய வாதம் இதுதான்:

* பழைய உரைத்தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தில், தான் துறவியானபோது பெற்றோர் விருப்பமில்லாமல் அழுதுகொண்டிருந்தார்கள் என்று புத்தரே சொல்கிறார். யாருக்கும் தெரியாமல் போயிருந்தால், பெற்றோர் முன்னால் அழுவது எப்படி?

* அந்த நான்கு காட்சிகளும் திரிபிடகத்தில் விபஸ்ஸி என்ற, முன்பு வாழ்ந்ததாகச் சொல்லப்படும் வேறொரு புத்தரின் கதையில் வருகின்றன. பிற்காலத்தில் கௌதம புத்தரின் கதைக்கு அவை இடம்பெயர்ந்தன.

* சாக்கியர்கள் பெரிய பேரரசு நடத்தவில்லை. கோசல நாட்டுக்கு அடங்கி, தங்களுக்குள் கூடி முடிவெடுத்த ஒரு சிறிய குலம். சுத்தோதனர் சக்கரவர்த்தி இல்லை.

அப்போ, உண்மையான காரணம் என்ன? ரோகிணி ஆற்றுத் தண்ணீர் என்றார் கோசாம்பி. ஆற்றின் ஒரு கரையில் சாக்கியர், மறு கரையில் கோலியர். இரண்டும் உறவுக்காரக் குலங்கள். வயலுக்குத் தண்ணீர் விடுவதில் சண்டை. சுத்தநிபாதத்தில், மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் மோதிக்கொள்வதைப் பார்த்துத் தனக்குப் பயம் வந்ததாக புத்தர் சொல்லும் பகுதி இருக்கிறது. ஆயுதம் எடுக்கும் இந்த வாழ்க்கைக்கு மாற்று தேடித்தான் அவர் கிளம்பினார் என்பது கோசாம்பியின் வாசிப்பு.

எல்லா அறிஞர்களும் இதை ஏற்கவில்லை. ஆனால் இந்தப் பார்வையின் பயணம் முக்கியமானது. அம்பேத்கர் எழுதி, அவர் மறைவுக்குப் பிறகு 1957இல் வெளியான ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலிலும் சித்தார்த்தர் வெளியேறக் காரணம் ரோகிணி தண்ணீர்ச் சண்டைதான். நான்கு காட்சிக் கதையை அம்பேத்கர் நேரடியாகவே கேள்வி கேட்கிறார். 29 வயதான ஒருவர் அதுவரை முதுமையையும் சாவையும் பார்த்ததே இல்லையா என்பது அவருடைய கேள்வி.

ஆற்றுத் தண்ணீருக்காக அண்டை ஊர்கள் மோதுவது நமக்கு ஒன்றும் புதிதில்லை. அதனால்தானோ என்னவோ, தேர்க் காட்சிகளைவிட இந்த ரோகிணிக் கதை இன்றைய வாசகருக்கு நெருக்கமாக இருக்கிறது.

புத்தக அறிஞர் மட்டும் இல்லை

1929இல் அன்றைய சோவியத் ஒன்றியத்தின் லெனின்கிராடுக்குப் போய் பௌத்த ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றினார். திரும்பி வந்ததும் 1930 உப்பு சத்தியாகிரகத்தில் இறங்கினார், சிறைக்கும் போனார். காந்தி தொடங்கிய குஜராத் வித்யாபீடத்தில் ஏற்கெனவே சில வருடங்கள் பாடம் நடத்தியவர் அவர். சோஷலிசத்திலும் ஈடுபாடு உண்டு.

1930களின் பிற்பகுதியில், பம்பாயின் மில் தொழிலாளர் பகுதியான பரேலில் ‘பகுஜன விகாரம்’ என்ற இடத்தை உருவாக்கினார். பகுஜனம் என்றால் பெருந்திரளான மக்கள். ஹார்வர்டில் பேசிய அதே விஷயத்தை மில் தொழிலாளிக்கும் சொல்லவேண்டும் என்பதுதான் நோக்கம்.

கடைசிக் காலத்தில் நோய் வாட்டியது. 1947 ஜூன் 4 அன்று, சுதந்திரத்துக்கு இரண்டு மாதம் முன்பு, காந்தியின் சேவாகிராம் ஆசிரமத்தில் காலமானார். அப்போது வயது 70. உணவைத் தாமே நிறுத்திக்கொண்டு உயிரை விட்டார். மறுநாள் டெல்லி பிரார்த்தனைக் கூட்டத்தில் காந்தி அவரை நினைவுகூர்ந்து பேசினார். தன்னைத்தானே விளம்பரப்படுத்திக்கொள்ளாமல் வேலை செய்தவர் என்பதே அந்தப் பேச்சின் சாரம்.

அவருக்குப் பிறகு?

* பிக்கு ஜகதீஷ் காஷ்யப் தலைமையில் 1950களில் நாளந்தாவிலிருந்து பாலித் திரிபிடகம் முழுவதும் தேவநாகரியில் வரத் தொடங்கியது.

* மகன் டி.டி.கோசாம்பி கணித அறிஞராகவும், இந்திய வரலாற்று ஆய்வின் போக்கை மாற்றியவராகவும் ஆனார்.

* பேத்தி மீரா கோசாம்பி, சமூகவியல் அறிஞர். தாத்தாவின் ‘நிவேதன்’ என்ற மராத்தித் தன்வரலாற்றை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார்.

* 1940களின் தொடக்கத்தில் மராத்தியில் வந்த ‘பகவான் புத்த’ நூல், பல இந்திய மொழிகளுக்குப் போனது. தமிழில் கா.ஸ்ரீ.ஸ்ரீ. மொழிபெயர்ப்பில் ‘பகவான் புத்தர்’ என்ற பெயரில் வந்திருக்கிறது. மேலே சொன்ன ரோகிணி விவாதத்தை முழுசாகப் படிக்க நினைப்பவர்கள் அதிலிருந்தே தொடங்கலாம்.

சரி, செம்மொழி அந்தஸ்தால் என்ன ஆகும்?

2004இல் முதல் செம்மொழியான தமிழுக்கு ஆய்வு நிறுவனம், விருதுகள், பதிப்புத் திட்டங்கள் கிடைத்தன. அதுபோல பாலிக்கும் வரலாம். ஆனால் தமிழுக்குப் பின்னால் கோடிக்கணக்கில் பேசும் மக்கள் இருக்கிறார்கள். பாலிக்கு அப்படி யாரும் இல்லை. வகுப்பில் உட்காரும் மாணவர்கள்தான் அந்த மொழியின் மொத்த மக்கள்தொகை.

அந்த வகுப்பே இல்லாதபோது ஒருவர் கோவாவிலிருந்து கொழும்புக்கும் பர்மாவுக்கும் போய்ப் படித்துவந்து, வகுப்பை இங்கே உருவாக்கினார். இனி பாலி படிக்க ஆசைப்படும் 23 வயதுக்காரருக்கு, கைக்குழந்தையை விட்டுவிட்டு ஏழு வருடம் அலையவேண்டிய நிலை இருக்கக்கூடாது. ஊருக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி, ஓர் ஆசிரியர், மாதாமாதம் சரியாக வரும் உதவித்தொகை. செம்மொழி அறிவிப்பு இந்த மூன்றையும் கொண்டுவருகிறதா என்பதைத்தான் இனி கவனிக்கவேண்டும்.